எடை மேடை

இருபத்திரண்டு டிகிரி.
இதைக் குளிர் என்றால்
பனி பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
ஊத்தான் மெலிந்தாங்கில் ஐந்து நாளாக வெயில் இல்லை.
கொடியில் என் சீருடை
இன்னும் திங்கட்கிழமையிலேயே தொங்குகிறது.
செம்பனைக் காட்டில் முழங்கால் தண்ணீர்;
குலை வெட்ட ஆள் இறங்கவில்லை,
லோரி வரவில்லை,
மில்லின் எடை மேடைக்கு
நிறுக்க மழையைத் தவிர ஒன்றுமில்லை.

அங்கே டிக்கெட் அடிப்பவள் நான்.
நாலரைக்கு இரவு வேலை முடிந்ததும்
தூண்டிலோடு தண்ணிக் கதவுக்கு நடந்தேன்.
நகராத லோரிக்குள் படுத்திருந்த மகிமைநாதன்
கண்ணாடியை இறக்கி,
"இந்தக் குளிர்ல மீனுக்கே கம்பளி வேணும், பூவிழி" என்றான்.

பாதி சரி.
மீன் கம்பளி தேடித்தான் போயிருக்கும்.
எங்கே என்பதுதான் பாக்கி.

தோட்டத்துக் கால்வாய் எல்லாம் வந்து முட்டும்
துருப்பிடித்த கதவு.
அதைத் தூக்கிவிட்டால்
கடுந்தேநீர் நிறத்தில் மழைத்தண்ணீர்
பெர்ணம் ஆற்றின் மேலாக ஓடும்.
உப்புத் தண்ணீர் கனமானது.
வம்புக்குப் போகாமல் கீழே படுத்துக்கொள்ளும்,
போன வாரத்து வெயிலை
மடியில் முடிந்து வைத்துக்கொண்டு.

ஈயக்குண்டை நூலில் இறக்கி
அறுபது எண்ணி, சரசரவென இழுத்து,
கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பேன்.
பாலத்தடியில்: ஐஸ்.
அலையாத்தி வேரோரம்: ஐஸ்.
கதவுக்கு இருபதடி தள்ளி
ஓட்டம் தோண்டிய பள்ளத்தில்:
காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும்
பிள்ளையின் நெற்றி.

கோக் வா கடை இறால் ஏழில்
இரண்டு வாளியிலேயே செத்திருந்தன.
மூன்றாவதை முதுகோட்டில் கோத்து இறக்கினேன்.

வெயிலில் சியாக்காப் ஒரு வழிப்பறிக்காரன்.
பிடுங்கிக்கொண்டு வேருக்குள் மறைந்துவிடுவான்.
குளிர் வந்தால் அதே மீன்
வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கும்.
யோசிக்கிறவனை அவசரப்படுத்தக் கூடாது.
சுருளை அரைச் சுற்று.
நிறுத்தம்.
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
அரைச் சுற்று.

ரொஃபிகுல் வந்து பக்கத்தில் குந்தினான்.
குலை இல்லாத நாளில்
கூலியும் இல்லாதவன்.
என் இரண்டு சட்டையைப் பார்த்து,
"இதுவா குளிர், அக்கா?
எங்க ஊர்ல இந்நேரம் எருமையே தெரியாது,
அவ்வளவு மூட்டம்" என்றான்.
பிறகு அவனும்
கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டான்.

ஐந்தே கால்.
கடி இல்லை, வெட்டு இல்லை.
நூல் மட்டும் கொஞ்சம் கனத்தது,
யாரோ மறுமுனையில்
பேச்சை நிறுத்திவிட்டதுபோல.
"சாக்கு மாட்டிருச்சு" என்றான் ரொஃபிகுல்.
நான் தூண்டிலைத் தூக்கினேன்.
சாக்கு நடந்தது.

இரண்டு ஓட்டம், அதுவும் முழுமனதாக இல்லை.
கரையோரம் வந்த பிறகுதான்
அதற்குக் கோபம் வந்தது.
ஒரே துள்ளல்;
டார்ச் வெளிச்சத்தில் கண் ஒரு தணல்;
சேறு என் பல்லில்.

முள்ளைக் கழற்ற விரல் மடங்கவில்லை.
ரொஃபிகுல் தன் கையில் ஊதி ஊதி
ஒருவாறு கழற்றினான்.
எத்தனை கிலோ என்று அவன் கேட்க,
அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறதே
என்று மில்லுக்குத் திரும்பினோம்.

மேடையில் மீனை மட்டும் கிடத்தினோம்.
பூஜ்யம்.
அறுபது டன் தாங்கும் இயந்திரம்,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்;
சில்லறை அதற்குத் தெரியாது.
ஒரு ஆள் கூலியும் அப்படித்தான் எங்கோ
பூஜ்யமாகிறதோ என்னவோ,
நான் எட்டு வருஷமாக டிக்கெட் அடிக்கிறேன்.

நான் ஏறினேன்: ஐம்பது.
மீனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்:
அறுபது.

ரொஃபிகுல் மழையில் நின்று கத்தினான்:
"பத்துக் கிலோ! பத்துக் கிலோ!"
மகிமைநாதன் விழித்து ஹாரன் அடித்தான்.
மீன் என் மார்போடு ஒட்டிக் கிடந்தது,
குளிராக இல்லை,
வாயை மெல்லத் திறந்து மூடி
இன்னும் எதையோ யோசித்தபடி.
டிக்கெட் அடிக்கவா என்று
பெட்டி கேட்டது.
அடித்தேன்.